இன்னிக்கு யார் பாடு?

எங்கள் ஆலையின் நிலையாணை, பதவி உயர்வுப் பகுதி, நான்காம் பத்தி இப்படிச் சொல்கிறது: "பொறுப்பு மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டவரின் சோதனைக் காலம் முடிந்து ஒரு மாதத்துக்குள் நிர்வாகத்திடமிருந்து மறுப்பு எதுவும் எழுத்தில் வராவிடில், அவர் அப்பதவியில் நிரந்தரமாக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்."

ஆலையின் பணியாளர் பிரிவில் இருந்த நான்தான் அதைத் தமிழில் எழுதினேன். 'கொள்ளப்படும்' போதுமா, 'கொள்ளப்பட வேண்டும்' என்று இருக்க வேண்டாமா என்று சட்ட ஆலோசகரோடு ஒரு பிற்பகல் முழுவதும் வாதாடினேன். அந்தப் பத்தியை யாரும் ஒருநாளும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்திருந்தால் இருவரும் வேளையோடு சாப்பிடப் போயிருப்போம்.

ஒரு பங்குனி மாத வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், தேசப்பன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். சூடான ரப்பரின் கந்தக வாசனை அவருக்கு முன்னாலேயே அறைக்குள் வந்துவிட்டது.

"மேடம், ஒரு பேஜாரு."

"உட்காருங்க தேசப்பன்."

"குந்த நேரம் இல்ல. ஞாயித்துக்கெழம ஊர்ல கூட்டம். ஏரியில என் பேர வச்சிக்கினு கீறதா, உட்டுடறதான்னு சொல்லச் சொல்றாங்க. உங்க லெட்டரு எப்ப வரும்?"

"என் லெட்டர் இல்லை. தலைமை அலுவலகத்தோட லெட்டர்."

"எதுனா ஒண்ணு. வருமா, வராதா?"

தேசப்பன் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்துக்காரர். தேர்வாய் கண்டிகையில் இருந்த எங்கள் ஆலையில், கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் இரண்டாவது வரிசைக்குப் பொறுப்பு மேற்பார்வையாளர். 'பொறுப்பு' என்று முன்னால் ஒட்டிக்கொண்டால் வேலை முழுதும் உண்டு, பதவி பாதி உண்டு என்று அர்த்தம். சோதனைக் காலம் முடிந்து பல மாதம் ஆகியும் தலைமை அலுவலகம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நிரந்தரமாக்க மறுத்தால் பழைய இடத்துக்கும் திரும்ப முடியாது. அங்கே வேறு ஆள் எடுத்தாகிவிட்டது. வெளியே போக வேண்டியதுதான். அப்படிப் போனால் அவருக்கும் குடும்பத்துக்கும் மிச்சம் இருப்பது ஏரி. அங்கே மீன்பிடிக்கும் முறையில் தன் பேரை வைத்துக்கொள்வதா, வேறொருவருக்கு விட்டுவிடுவதா என்று அவர் ஞாயிற்றுக்கிழமை சொல்லியாக வேண்டும்.

நான் அவருக்கு என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால், ஒரு மின்விசிறியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காற்று வரும் இடம்

போன இதழில் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, பொன்னேரியிலிருந்து ஒரு வாசகர், "அம்மா, நீங்கள் யாரையுமே பாராட்டி எழுத மாட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார். இந்த வாரம் முயற்சி செய்கிறேன். பழக்கம் இல்லாத வேலை, பொறுத்துக்கொள்ளவும்.

இரண்டாவது வரிசையின் ஒரு முனையில் பிரஸ். சூடான அச்சுக்குள் ரப்பரை வைத்து அழுத்தி, வெந்தபின் உருவி எடுக்க வேண்டும். அங்கே நிற்பவரின் புருவம் வாரத்துக்கு ஒருமுறை பொசுங்கும். அடுத்து, பட்டையின் பிசிறை வெட்டும் இடம். அதற்கடுத்து, ஓட்டை உடைசல் பார்க்கும் மேசை. மறுமுனையில், பெட்டியில் அடுக்கும் இடம். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு மின்விசிறி, பக்கத்திலேயே கதவு, கதவுக்கு வெளியே தைலமரங்கள். கோடையில் அந்த நாற்காலியில் உட்காருவது அமைச்சராவதற்குச் சமம்.

யாருக்கு எந்த இடம் என்று ஷிஃப்ட் தொடக்கத்தில் மேற்பார்வையாளர் சொல்வார். தேசப்பனுக்கு முன்பிருந்தவர் அதைக்கூடச் சொல்ல மாட்டார். மோவாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைப்பார். மோவாயாலேயே ஒரு வரிசையை நிர்வாகம் செய்தவர். புதிதாக வந்தவர், முந்தின நாள் எதிர்த்துப் பேசியவர், அவருடைய பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்கு வராதவர் எல்லாம் பிரஸ்ஸுக்குப் போவார்கள். வந்து, சாப்பாட்டைப் புகழ்ந்தவர்கள் காற்று வாங்குவார்கள். திங்கட்கிழமைகளில் வரிசையில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

நிர்வாகம் இதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்து, எங்கள் எல்லாரையும் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு அனுப்பியது.

'பணியிடத்தில் தலைமைப் பழக்கங்கள்' என்று பயிற்சியின் பெயர். குளிரில் விரல் விறைக்கும் ஒரு மண்டபம். வட்ட மேசை, ஆளுக்கொரு பேனா, கிண்ணத்தில் புதினா மிட்டாய். பயிற்சி கொடுக்க வந்தவர் காதோரமாய் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு, "நல்ல தலைவர் பேசுவதைவிடக் கேட்பார்" என்று ஆரம்பித்து, தேநீர் இடைவேளையையும் விழுங்கி, மாலைவரை பேசினார். பிறகு எங்கள் கையில் பலூன்களைக் கொடுத்து, கீழே விழாமல் ஒருவருக்கொருவர் தட்டச் சொன்னார். ஆலை மேலாளருக்குப் பலூன் வெடித்தால் பயம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பயிற்சியில் நாங்கள் கற்றது அது ஒன்றுதான்.

ஆலை மேலாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். சம்பள உயர்வா, பாக்கலாம். கழிப்பறைக் குழாயா, பாக்கலாம். தீ எச்சரிக்கை மணி அடித்தபோதும் அவர் அதையே சொன்னதாக ஒரு கதை உண்டு. நான் அன்று விடுப்பில் இருந்ததால் உறுதி சொல்ல முடியாது.

பலகை

தேசப்பன் பொறுப்பேற்ற முதல் வாரம் மோவாய் ஆட்டிப் பார்த்தார். யாருக்கும் புரியவில்லை. அவருடைய மோவாய்க்கு அந்தப் பயிற்சி இல்லை. படகுக்குப் படகு கூப்பிட்டு வளர்ந்த குரல் அவருடையது, வரிசையின் இந்த முனையிலிருந்து "ஏய்!" என்றால் அந்த முனையில் பெட்டி அதிரும்.

"பழவேற்காட்டு டவருக்கு மைக்கே வேணாம்பா," என்பார் ஏழுமலை. ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர், வரிசையிலேயே மூத்தவர், கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் ஊருக்குப் போய்வருகிறவர்.

இரண்டாவது வாரம் தேசப்பன் ஒரு வெள்ளைப் பலகை கேட்டு என்னிடம் வந்தார்.

"எதுக்கு?"

"யாரு எங்க நிக்கறதுன்னு எழுதிப் போட்டுடறேன் மேடம். தெனிக்கும் மாத்தி மாத்தி. எங்க ஊர்ல அப்பிடித்தான்."

ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடமும் உண்டு, வலையில் பாசி மட்டுமே ஏறும் இடமும் உண்டு. வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, பேர் உள்ளவர்களுக்குள் முறைவைத்து இடம் மாறுவார்கள். அந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர். இன்றைக்கு இந்த இடம் உன் பாடு, நாளைக்கு என் பாடு. கத்துவதற்கு ஒன்றுமில்லை, கத்துகிறார்கள் என்றால் அது அவர்கள் குரல், சண்டை அல்ல என்று தேசப்பன் விளக்கினார்.

பலகை வந்தது. தலைப்பில் 'இன்னிக்கு யார் பாடு?' என்று எழுதினார். அதன் கீழே இடது பக்கம் சூடு, பிசிறு, மேசை, விசிறி. வலது பக்கம் பெயர்கள். எழுத்துப் பிழைகளை நான் சொல்லவில்லை. பிழையைக் கண்டும் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என் மாணவிப் பருவத்துத் தோழிகளுக்குத் தெரியும்.

ஒரு மாதத்தில் திங்கட்கிழமை வயிற்றுவலி குறைந்தது. காலையில் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கியதும் எல்லாரும் நேராகப் பலகைக்குப் போய், தேர்வு முடிவு பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். "போச்சு, இன்னிக்கி நான்தான் பஜ்ஜி" என்பார் பிரஸ்ஸுக்குப் போகிறவர். ஆனால் நாளைக்குத் தான் இல்லை என்று அவருக்குத் தெரியும். நாளைக்குத் தெரிந்துவிட்டால் இன்றைக்கு நிற்பது அவ்வளவு கஷ்டமில்லை போலிருக்கிறது. பலூன்காரர் இதைச் சொல்லவில்லை.

கோந்து

இதோடு நிறுத்தினால் வாசகர் கேட்ட பாராட்டு முடிந்துவிடும். ஆனால் தேசப்பன் தவறு செய்தார். அதைத் திருத்தியது ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயது இருக்கும். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். இவள் ஆலைக்கு வந்த முதல் தலைமுறை. ஞாயிறு தேவாலயத்தில் முன்வரிசை, மற்ற நாட்களில் எதிர்வரிசை. ஒருநாள் காலை நான் அந்தப் பக்கம் போனபோது அவள் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, என் பேரு விசிறி கிட்டயே ஒட்டிக்கினு கீது? கோந்து போட்டு ஒட்டிட்டியா?"

"பிரஸ்ஸு சூடுக்கா. உனுக்கு எதுக்கு அது? காத்தா குந்திக்கினு அடுக்கு."

"ஏன், பொம்பளைன்னா வேவமாட்டமா? உங்க ஏரியில பொம்பளைக்குப் பாடு கெடையாது. அதுக்காவ இங்கியும் கெடையாதா? இது இன்னா உங்கப்பன் ஏரியா?"

"நல்லதுக்குச் சொன்னா எகிர்றியே!"

"பிரஸ்ல நின்னவனுக்குத்தான் கிரேடு ஏறும். ரூல் மேடத்த கேளு. நீ நல்லது பண்ணிப் பண்ணி நான் அட்டப்பொட்டி கூடவே ரிட்டையர் ஆவணும்."

'ரூல் மேடம்' என்பது நான். கேட்காமலேயே சொன்னேன்: பிரஸ்ஸில் வேலை தெரிந்தவருக்குத்தான் அடுத்த கிரேடு, ஏழாம் பத்தி.

தேசப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. அந்தக் குரல் இல்லாமல் வரிசை செத்த வீடு மாதிரி இருந்ததாக ஏழுமலை சொன்னார். மறுநாள் பலகையில் 'சூடு' என்பதற்கு நேராக ஸ்டெல்லாவின் பெயர். பெயர்களின் கடைசியில் புதிதாக இன்னொன்று: தேசப்பன்.

"உன் பேரு எதுக்கு நைனா?" என்றாள் ஸ்டெல்லா.

"எல்லார் பேரும்னா எல்லார் பேருந்தான்," என்றார். இன்னும் கொஞ்சம் கோபமாகத்தான்.

அன்றிலிருந்து மேற்பார்வையாளரும் தன் முறை வரும்போது கையுறை மாட்டிக்கொண்டு பிரஸ்ஸில் நின்றார். நிலையாணைப்படி இது கூடாது. அதை அவரிடம் சொல்ல நான் இரண்டு முறை வரிசைக்குப் போனேன். இரண்டு முறையும் அங்கே வேறு ஏதோ வேலை இருந்தது.

பாட்டு நிகழ்ச்சி

தலைமை அலுவலகம் எங்களுக்கு வடக்கே வெகு தொலைவில், வேறொரு பருவகாலத்தில் இருந்தது. அங்கிருந்து வரும் சுற்றறிக்கைகள் மார்கழியில் எங்களைக் கம்பளி போடச் சொல்லும். அங்கிருந்து ஒருவர் ஆய்வுக்கு வந்து, எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார். அதில் பலகையும் இருந்தது. அவர்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. கைபேசியையே மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கைபேசிக்குத் தெரிந்த 'பாடு' ஒன்றே ஒன்று.

தேசப்பனின் சோதனைக் காலம் முடியும் வாரம் கடிதம் வந்தது. மரியாதையான ஆங்கிலம். இரண்டாவது வரிசையில் நாள்தோறும் பாட்டு நிகழ்ச்சி நடப்பதாகத் தெரியவருகிறது. இதற்கு அனுமதி கொடுத்தவர் யார்? உற்பத்தி நேரத்தில் எவ்வளவு பாட்டில் கழிகிறது? இன்றைய பாடகராக அறிவிக்கப்பட்டிருக்கும் ஏழுமலை என்பவரின் பதவி என்ன? மேலும், ஒரு பெண் ஊழியரின் பெயருக்கு எதிரே 'விசிறி' என்று குறித்திருக்கிறது. ஊழியர்களைச் சக ஊழியர்களின் விசிறிகளாக வகைப்படுத்துவது நிறுவன நெறிகளுக்கு உகந்ததா?

விளக்கம் ஏற்கப்படும்வரை பலகையை அழித்து வைக்க வேண்டும். சம்பந்தப்பட்ட மேற்பார்வையாளரின் நிரந்தரம் நிறுத்திவைக்கப்படுகிறது.

நான் இதை ஆலை மேலாளருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாக்கலாம்," என்றார்.

கேள்வி கேட்பதும் நிறுத்திவைப்பதும் மறுப்பாகாது. ஆகவே நான்காம் பத்தி தேசப்பனுக்குச் சாதகம் என்று குறிப்பு எழுதினேன். 'பாடு' என்ற சொல்லுக்கு ஒரு பக்க விளக்கமும் அனுப்பினேன். துன்பம், உழைப்பு, முறை என்று அதற்குள்ள பொருளையெல்லாம் வரிசைப்படுத்தி, பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முடித்தேன். நான் எழுதிய அலுவலகக் கடிதங்களிலேயே இலக்கியத்துக்கு மிக அருகில் போனது அதுதான். பதில் இல்லை.

ஏழுமலைக்கு மட்டும் கொண்டாட்டம். கேன்டீனில் வரிசையை விலக்கிக்கொண்டு, "தள்ளுங்கப்பா, பாடகரு நாஷ்டா துன்னணும்" என்று முன்னால் போனார்.

தேசப்பன் பலகையை அழித்தார். மறுநாள் காலை வரிசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாருக்கு எந்த இடம் என்று வாயால் சொன்னால் அதுவும் பாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். அவர் என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க நானும் போயிருந்தேன். அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து அன்றைய முறைப்படி அவரவர் இடத்தில் நின்றார்கள்.

"பலகையத்தான அழிக்கச் சொன்னாங்க," என்றார் ஏழுமலை. "எங்க மண்டைய இன்னா பண்ணுவாங்க?"

தேசப்பன் என்னைப் பார்த்தார். "நான் ஒண்ணுமே சொல்லல மேடம். நீங்களே சாட்சி."

பதினோராம் பத்தி

பிறகு ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உயர் அதிகாரியே நேரில் வந்தார். பூர்வீகம் தமிழ்நாடு, வடக்கே வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அவர் போய் எழுதப்போகும் அறிக்கையில்தான் தேசப்பனின் வேலை இருந்தது. காலையிலேயே ஆலை மேலாளர் தேசப்பனைத் தனியாக அழைத்து, "இன்னிக்கு ஒருநாள் மட்டும் மெஷின் பக்கம் போகாதப்பா" என்று கேட்டுக்கொண்டார். 'பாக்கலாம்' என்ற சொல் இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். அவ்வளவு கவலை.

பார்வையாளர் தலைக்கவசம் நெற்றியில் இறங்க, அதிகாரி வரிசையின் ஓரமாக நடந்தார். நான் பின்னால். தேசப்பன் கையைக் கட்டிக்கொண்டு ஒரு தூணருகே. பிரஸ்ஸில் மட்டும் நாளொன்றுக்கு இரண்டு பேர், தேநீர்வரை ஒருவர், பிறகு ஒருவர்; தேநீர் மணி அடித்து, முடிந்து, ஆள் மாறும் நேரம் வந்தது. பிரஸ்ஸிலிருந்து வெளியே வந்த ஸ்டெல்லா கையுறைகளைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை. சுற்றிலும் பார்க்காமல், எப்போதும்போல, கையுறையைத் தூணை நோக்கி நீட்டினாள்.

"நைனா, உன் பாடு."

சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வரிசையில் கை அசைவது நின்றுபோனது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தேசப்பன் கையுறையைப் பார்த்தார். ஆலை மேலாளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையில் ஒரு விளக்கு எரியாததைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அவர் நடந்து வந்து கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இவர் சூப்பர்வைசர்தானே?"

"ஆமாம் சார்."

"மெஷின்ல நிக்கலாமா?"

"கூடாது சார். செயல்முறை விளக்கம் கொடுக்கும்போது மட்டும் நிற்கலாம். பதினோராம் பத்தி."

"விளக்கமா? யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார்."

தனக்கென்று விளக்கம் நடக்கும்போது பாதியில் போவது மரியாதையில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். நெருங்கி நின்றார். சற்று நேரத்தில் அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், புருவம் பூடும்," என்று தேசப்பன் படகுக் குரலில் கத்தினார்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"என் பாடு முடியற வரிக்கும்."

"அந்த வார்த்தைதான்! பாடுன்னா என்ன?"

"மொற சார். இன்னிக்கி எனுக்கு, நாளைக்கி அவுனுக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான் சார்."

"இதுல பாட்டு எங்கே வருது?"

"பாட்டா? எனுக்குப் பாட்டெல்லாம் வராது சார்."

"அவுரு பேசறதே தாங்கல சார்," என்றாள் ஸ்டெல்லா, அட்டைப்பெட்டிப் பக்கமிருந்து. "பாட வேற உட்டுறாதீங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். ஒருமுறை தானே கையுறை மாட்டி ஒரு பட்டையை உருவிப் பார்த்தார். அது பாழாய்ப் போனது. ஏழுமலை அதை நினைவாக வைத்துக்கொள்ளச் சொல்லி அவரிடமே கொடுத்தார். போகும்போது அதிகாரி, "முடிவை எழுத்தில் அனுப்புகிறேன்" என்றார். சொன்னவர் நல்லவர் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவருக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு தலைமை அலுவலகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை

இப்படியாகத்தான் தேசப்பன் அந்தப் பங்குனி வெள்ளிக்கிழமை என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"விதிப்படி நீங்க எப்பவோ நிரந்தரம்," என்றேன். "தலைமை அலுவலகம் சொல்றபடி இன்னும் இல்லை. ரெண்டும் எழுத்துல இருக்கு."

"நீங்க இன்னா சொல்றீங்க?"

"நான் சொல்றது வாய்மொழி தேசப்பன். வாய்மொழிக்கு இங்கே மதிப்பு இல்லை."

"எங்க ஊர்ல வாய்மொழி மட்டுந்தான் மேடம்," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும், பேரை வைத்துக்கொள் என்று அழுத்திச் சொல்லியிருக்கலாமோ என்று பெரம்பூர் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். திங்கட்கிழமை முதல் வேலையாக இரண்டாவது வரிசைக்குப் போனேன்.

"உட்டுட்டேன் மேடம்," என்றார். "சித்தப்பா பையன் பேருக்கு மாத்தச் சொல்லிட்டேன்."

"பதில் வரலையே தேசப்பன்! வச்சிருந்தா என்ன? யாரும் கேட்டிருக்க மாட்டாங்களே."

"கேக்க மாட்டாங்க. அதுக்காவ? அவன் கல்யாணம் கட்டிக்கினு பாடு இல்லாம குந்திக்கினு கீறான். நான் இங்க வேலைக்கும் வந்துகினு, அங்க எடத்தையும் அடச்சிக்கினு இருந்தா, இவங்க மூஞ்சில எப்பிடி முழிக்கறது?" என்று வரிசையைக் காட்டினார்.

"பதில் வராமலே போனா?"

"உங்க ஊட்டாண்ட வந்து குந்திக்குவேன். மூணு வேள சோறு போடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கையுறையை மாட்டிக்கொண்டு பிரஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

ஏரியும் இல்லை, பதவியும் இல்லை என்ற நிலையில் அவர் சித்திரையைக் கடந்தார், வைகாசியைக் கடந்தார். நான் நினைவூட்டல்கள் எழுதினேன். முதல் நினைவூட்டல் 'பணிவுடன்' என்று தொடங்கும். இரண்டாவதில் பணிவு இருக்காது. மூன்றாவதில் முந்தின இரண்டின் நகலும் இருக்கும். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. நானே ஒரு பாணியை உருவாக்கினேன். அந்தக் குடும்பம் அந்தக் கோடையை என்ன பயத்தோடு கழித்தது என்று தேசப்பன் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் ஒருநாளும் முறை தவறாமல் பிரஸ்ஸில் நின்றார். "லெட்டரு?" என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். கேட்டபோதுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

ஆனிக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். பொன்னாடை, வெள்ளிக் குத்துவிளக்கு, ஆலை மேலாளரின் உரை. இரண்டாவது வரிசை சார்பில் ஸ்டெல்லா பேச வந்து, "ரூல் மேடம் பூட்டா இனிமே நாங்களே ரூலு படிக்கணும்" என்று சொல்லிவிட்டு அழுதாள். தேசப்பன் பேசவில்லை. பேருந்துவரை என் பையைத் தூக்கி வந்தார்.

பதில்

ஓய்வு பெற்றவரின் அலுவலக மின்னஞ்சல் அன்று மாலையே மூடப்பட வேண்டும். இதுவும் விதி. இதையும் யாரும் செய்யவில்லை. அதனால்தான், ஒரு காலை வேளையில், வீட்டுக் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது என் கைபேசி ஒலித்தது. தெருக்கோடி முருகன் கோயிலுக்குக் காவடி போகிற மேளச் சத்தத்தில் அது எனக்குக் கேட்டதே ஆச்சரியம். எனக்கு உரிமையில்லாத கடிதம். கையைத் துடைத்துக்கொண்டு திறந்தேன்.

படித்ததும் தேசப்பனை அழைத்தேன்.

"இன்னா மேடம், ரிட்டையர் ஆயிட்டும் லீவு நாள்ல வேலையா?"

"பதில் வந்திருக்கு தேசப்பன்."

"படிங்க."

ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை படித்தேன். விளக்கம் ஏற்கப்பட்டது. திரு. தேசப்பன் மேற்பார்வையாளர் பதவியில் நிரந்தரமாக்கப்படுகிறார்.

"இன்னொரு தபா படிங்க."

படித்தேன். அவர் கைபேசியை வாயருகிலிருந்து விலக்காமலேயே வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டார். நான் என்னுடையதைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு பெண்குரல் ஏதோ கேட்டது. ஒரு குழந்தை காரணம் தெரியாமலேயே கூச்சலிட்டது. பிறகு அவர் மறுபடி என்னிடம் வந்தார்.

"எந்தத் தேதிலேந்து மேடம்?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "இன்னிக்குத் தேதி போட்டிருக்காங்க. இது தப்பு தேசப்பன். நான்காம் பத்திப்படி போன வருஷத்திலிருந்தே வரணும். நான் ஒரு மேல்முறையீடு எழுதித் தரேன், நீங்க கையெழுத்து மட்டும்..."

"ஐயோ, உட்டுடுங்க மேடம். மறுபடி எழுதினா மறுபடி கேள்வி கேப்பாங்க." சிரித்தார். "இன்னிக்கே இருக்கட்டும். இன்னிக்கி இன்னா நாளு?"

"ஆடிக் கிருத்திகை."

"அப்ப மறக்கவே மறக்காது," என்றார் தேசப்பன். "வருசா வருசம் லீவு வேற உடுவாங்க."